கவரிங் இல்லாமல் ஊழியம் செய்தால் கள்ள உபதேசத்தில் விழுவோமா?

கேள்வி
2 ஜூலை 2024, காலை 10.40

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன், வயது 24. போன ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு ஆவிக்குரிய தகப்பன் வேண்டும், அவருடைய கவரிங், அதாவது அவருக்குக் கீழ்ப்பட்டிருக்கிற ஆவிக்குரிய பாதுகாப்பு, இல்லாமல் ஊழியம் செய்கிறவன் கள்ள உபதேசத்தில்தான் போய் முடிவான் என்றார். யோசுவாவுக்கு மோசே, எலிசாவுக்கு எலியா, தீமோத்தேயுவுக்குப் பவுல் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கூட்டம் முடிந்ததும் பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன், "அப்போ அந்தத் தகப்பனே தப்பா சொன்னா என்ன செய்யண்ணே?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

1
2 ஜூலை, இரவு 9.15

முதலில் அந்தப் பையனைக் கைவிட்டுவிடாதீர்கள் தம்பி. உங்கள் கூட்டத்தில் பெரோயா ஊர்க்காரன் அவன் ஒருத்தன்தான் போலிருக்கிறது. பவுலே வந்து பிரசங்கித்தும், "காரியங்கள் இப்படியிருக்கிறதாவென்று" தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அதற்காக அவர்களை அகங்காரிகள் என்று லூக்கா எழுதவில்லை, நற்குணசாலிகள் என்றுதான் எழுதியிருக்கிறார்.

கவரிங் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கழுத்து அரிக்கும். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். மாவு ஆட்டப் போட்டது பாதியில் நிற்கிறது.

2
3 ஜூலை, மதியம் 2.30

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டு ஓரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, வருஷத்துக்கு ஒரு அசனம் (சபை விருந்து) என்று எல்லாம் ஒழுங்காக நடந்த ஊர்தான். 1993-ல் எனக்கு 22 வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்காகக் காத்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் ஒரு வீட்டுக் கூட்டத்தில் என் தலையில் கை வைத்து, "மகளே, மூன்று மாதத்தில் உனக்கு அரசாங்க வேலை. தடை உன் கழுத்தில் கிடக்கிறது" என்றார். கிடந்தது ஒன்றரைப் பவுன் சங்கிலி, அம்மா சீட்டுப் போட்டு வாங்கியது. அங்கேயே கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டேன். அழுதுகொண்டே போட்டேன், அந்த அழுகையை ஆவியின் நிறைவு என்று சுற்றியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அம்மாவுக்குத் தெரியக்கூடாதே. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டேன். தேரிப் பக்கத்து வேர்வைக்கு அது மூன்று வாரம் தாங்கவில்லை. கழுத்தைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாக ஒரு வளையம், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் தாவணியை மேலே மேலே இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அதைக் கண்டுபிடித்தது பெரிய டீச்சர். ஊரில் எல்லாருக்கும் அவர்கள் பெரிய டீச்சர்தான், எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர்கள். அடிபம்பில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தேன், பின்னால் நின்றவர்கள் தாவணியை விலக்கி, "கழுத்துல என்னட்டி?" என்றார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு வசனமாவது சொல்லுவார்கள் என்று நினைத்தேன். "சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வா. பென்சில் கொண்டு வா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போனேன். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, ஒரு முறுக்கு, எரேமியா முதலாம் அதிகாரம். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் அதிகாரம். எரேமியாவில் 52 அதிகாரம், வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. அவர்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வசனத்தை யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் "மேலே பத்து, கீழே பத்து" படித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

மூன்று மாதத்தில் வேலை வரவில்லை. ஆறு வருஷம் கழித்து வந்தது.

3
3 ஜூலை, இரவு 10.05

ஒன்றரைப் பவுனுக்கு இன்றைய விலை என்ன என்று கணக்குப் போட்டு எழுதிய மூன்று பேருக்கும்: நானும் போட்டுப் பார்த்தேன். வீணாகத் தூக்கம் போயிற்று.

4
5 ஜூலை, காலை 6.20

ஏன் எரேமியா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். டீச்சர் காரணம் சொல்லவில்லை. 28-ஆம் அதிகாரம் வந்த அன்றைக்கு நானே புரிந்துகொண்டேன்.

அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்க்க, இரண்டு வருஷத்தில் பாபிலோன் நுகம் முறிந்துவிடும், கொள்ளை போன ஆலயப் பாத்திரங்களெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று "கர்த்தர் சொல்லுகிறார்" போட்டுச் சொல்கிறான். எனக்கு மூன்று மாதம், அவர்களுக்கு இரண்டு வருஷம். கள்ளத் தீர்க்கதரிசனத்துக்குத் தவணை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் போல.

எரேமியா என்ன செய்தான்? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறான். கேலியாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அப்படி நடந்தால் அவனுக்கும் சந்தோஷம்தானே. பிறகு, சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினாரா என்று தெரியும் என்கிறான். அனனியா, எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். அதற்குப் பிறகு ஒரு வரி: எரேமியா தன் வழியே போனான். அவ்வளவுதான். கர்த்தருடைய வார்த்தை தனக்கு வந்த பிறகுதான் திரும்பி வந்து, கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, நீ ஜனங்களைப் பொய்யை நம்பவைத்தாய் என்கிறான். "தன் வழியே போனான்" என்ற வரிக்குக் கீழே டீச்சர் என்னை இரண்டு கோடு போடச் சொன்னார்கள்.

அடுத்த அதிகாரத்தில்தான் நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற வசனம் வருகிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு இது இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு வசனம் மேலே போனால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. இன்னும் மேலே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதேயுங்கள் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போய், அனனியா மாதிரி ஆட்களின் தவணையை நம்பிப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தவர்களுக்கு, பெட்டியை அவிழ்க்கச் சொல்லி வந்த கடிதம் அது. அட்டையில் ஏழு வார்த்தைதான் பிடிக்கும், பாவம்.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று பாஸ்டர்மாரைக் கேள்வி கேட்கிறவர்கள் வாயை அடைக்கிறார்களே, அதற்கும் மேலே பத்து படியுங்கள். 105-ஆம் சங்கீதம். அந்நிய தேசத்தில் பரதேசியாகத் திரிந்த, ஆள் பலமில்லாத ஆபிரகாம் வீட்டாரைத் தொடாதே என்று ராஜாக்களைப் பார்த்துச் சொன்னது. நாற்காலி இல்லாதவனைக் காப்பாற்ற வந்த வசனம் இன்றைக்கு யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள்.

5
8 ஜூலை, இரவு 11.40

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உங்களுக்கு எரேமியா தன் வழியே போன கதையை எழுதினேன் அல்லவா? அன்று சாயங்காலம் எங்கள் பெண்கள் வேதபாடம். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பிள்ளை ஒரு வருஷமாக வருகிறாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: யூடியூப்பில் ஒருவர் "விதைக் காணிக்கை" போடச் சொன்னார், அப்பாவின் கடன் தீர வேண்டும் என்று ஸ்காலர்ஷிப் பணத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் ஜிபே பண்ணினேன் என்று. ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான், "ஆத்திரத்துக்கு அறிவில்லையாட்டி? கள்ளப் போதகன்கிட்ட காசைக் கொடுத்துட்டு இங்க வந்து சாட்சி சொல்லுதியே" என்று ஆரம்பித்து பத்து நிமிஷம் பேசியிருப்பேன். பேசியதெல்லாம் சரியான உபதேசம். பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்கிற அந்தக் கொரிந்தியர் வசனம், எருசலேமில் வறுமையில் இருந்த பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த தர்மப்பணத்தைப் பற்றியது, லாட்டரிச் சீட்டு இல்லை என்று அழகாக விளக்கினேன். அவள் வேதாகமத்தைப் பைக்குள் வைத்தாள், செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றரைப் பவுனைத் தட்டில் போட்டவள் இரண்டாயிரம் ரூபாய்க்குத் திட்டினேன்.

அப்பொல்லோ ஞாபகம் வருகிறது. வேதத்தில் வல்லவன், ஆனால் யோவானுடைய ஞானஸ்நானத்தை மட்டும்தான் அறிந்தவன். பவுல் அவனைத் தனியாக அழைத்துப்போய்த்தானே திருத்தினார்? நான் அதைப் பத்துத் தடவையாவது பாடமாக எடுத்திருக்கிறேன்.

6
9 ஜூலை, காலை 7.10

மேலே எழுதியதில் தவறு. அப்பொல்லோவைத் திருத்தியது பவுல் இல்லை, அவர் அப்போது எபேசுவிலேயே இல்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். "அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய்" விவரித்தார்கள், அப்போஸ்தலர் 18. கூடாரம் தைக்கிற ஒரு புருஷனும் பெண்ஜாதியும் அவ்வளவு பெரிய பேச்சாளனுக்குப் பாடம் சொன்னார்கள். பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிற நான் அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் பவுலைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன், என்னத்தைச் சொல்ல.

இதைக் கண்டுபிடித்த பாளையங்கோட்டைப் பெரியவர் எல்லாரும் பார்க்க எழுதவில்லை. தனியாகத் தகவல் அனுப்பி, "அம்மா, 26-ஆம் வசனம் ஒரு தடவை பார்த்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். ஐயா, நன்றி. அந்த வசனத்தையும் பார்த்துக்கொண்டேன், நீங்கள் செய்த விதத்தையும் பார்த்துக்கொண்டேன்.

7
10 ஜூலை, இரவு 8.50

ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். தனியாகத்தான் திருத்த வேண்டும் என்றால், அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக ஏன் கண்டித்தார் என்கிறார். நல்ல கேள்வி. நானும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பேதுரு தூண் என்று எண்ணப்பட்டவர். யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்துபோனார். அவர் எழுந்ததைப் பார்த்து மற்ற யூதர்களும் எழுந்தார்கள், பர்னபாவும் இழுப்புண்டான். எல்லார் முன்பாகவும் நடந்த தவறு, எல்லாரையும் இழுத்த தவறு, செய்தவர் தலைவர். தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும், மூப்பன் மேல் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே என்று ஒரு பக்கம் காப்பு வைத்துவிட்டு, பாவம் செய்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று மறுபக்கம் கதவைத் திறந்துவிடுகிறார்.

ஆக, மேடையில் நிற்கிறவனுக்கு மேடையில், படிக்கிற பிள்ளைக்குத் திண்ணையில். நம் ஊர்ச் சபைகளில் இது அப்படியே தலைகீழ். ஐயர் (எங்கள் பக்கம் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்) தப்பாகச் சொன்னால் கமிட்டி அறையைப் பூட்டிக்கொண்டு பேசுவோம், வாலிபப் பிள்ளை தப்பாகச் சொன்னால் மைக்கில் பேசுவோம். வெள்ளிக்கிழமை நான் செய்ததும் அதுதான்.

8
13 ஜூலை, மாலை 5.00

கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன்.

ஆவிக்குரிய தகப்பன் என்பது வேதத்தில் இல்லாத பேச்சு இல்லை. "பதினாயிரம் உபாத்தியாயர்கள் உங்களுக்கு இருந்தாலும், தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே" என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதுகிறார். தீமோத்தேயுவை என் குமாரன் என்கிறார். ஆனால் தீமோத்தேயுவின் விசுவாசம் பவுலிடம் தொடங்கவில்லை. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று பேர் சொல்லி எழுதுகிறார். "கவரிங்" பிரசங்கத்தில் லோவிசாள் பாட்டி வந்து நான் கேட்டதே இல்லை.

இரண்டாவது, 2 தீமோத்தேயு 2:2. "அநேக சாட்சிகளுக்கு முன்பாக நீ என்னிடத்தில் கேட்டவைகளை" உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவி. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று நாலு தலைமுறை எண்ணுவோம், நானும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எண்ணியிருக்கிறேன். முதல் மூன்று வார்த்தையை இத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். அநேக சாட்சிகளுக்கு முன்பாக. பவுல் தீமோத்தேயுவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரறியச் சொன்னதைத்தான் ஒப்புவிக்கச் சொல்கிறார். நாளைக்குப் பவுல் மாற்றிப் பேசினாலும், "நீங்க அன்னைக்கு இப்படிச் சொல்லலியே" என்று கேட்க ஆள் இருக்கும்.

மாற்றிப் பேசினால்? உங்கள் பிளஸ் டூ பையன் கேட்டதற்குப் பதில் கலாத்தியர் 1:8. "நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது" வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னால் சபிக்கப்பட்டவன். தூதனை விடுங்கள். "நாங்களாவது" என்கிறாரே. தன்னையே வரிசையில் முதலில் நிறுத்திவிட்டுப் பேசுகிறார். அந்த வசனத்தைப் பையனுக்குக் கொடுங்கள், பாஸ்டருக்கும் அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, வேண்டாம், நீங்களே போங்கள். தனியாக.

இந்தக் கவரிங் உபதேசம் எங்கே முடியும் என்பதற்கு நடந்த கதை இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்து ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து பேர் பேர்பெற்ற போதகர்கள் சேர்ந்து, ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று போதித்தார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் கட்டுப்படாமல் ஊர் ஊராகத் திரிந்த பிரசங்கிகளைப் பார்த்துப் பயந்து எடுத்த முடிவு அது. கள்ள உபதேசத்துக்கு வேலி போட்டார்கள். போகப்போக வீடு மாற்ற, வேலை மாற, கல்யாணம் பண்ண மேய்ப்பனிடம் உத்தரவு கேட்கிற நிலை பல இடங்களில் வந்துவிட்டது. ஐவரில் டெரக் பிரின்ஸ், அவருடைய புத்தகங்களைத் தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள், 1980-களில் விலகிக்கொண்டார். பாப் மம்ஃபோர்டு 1989-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் பக்கம் யாராவது கேட்டதாக ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

பவுலின் கடைசிக் கடிதம் எப்படி முடிகிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன் வா. ஒரு காலத்தில் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டு விலக்கிய மாற்குவையும் கூட்டிக்கொண்டுவா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். குளிரில் உட்கார்ந்திருக்கிற கிழவர் மகனிடம் கேட்கிறதுபோல் இருக்கிறது.

9
14 ஜூலை, மதியம் 3.15

அசனச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், தூக்கக் கலக்கம், மன்னிக்கவும்.

கள்ளத் தீர்க்கதரிசியைக் கண்டுபிடிக்க வழி கேட்டவருக்கு: ஆதிச்சபைக் காலத்தில் திதாக்கே என்று ஒரு சிறு கைநூல் இருந்தது. பல நூற்றாண்டு காணாமல் கிடந்து, 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு பழைய ஏட்டில் அகப்பட்டது. வீடு தேடி வருகிற ஊழியக்காரரைப் பற்றி அதில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளன். போகும்போது வழிக்கு அப்பம் கொடுக்கலாம், பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் நிறைந்து "பந்தி போடுங்கள்" என்று கட்டளையிட்டவன் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் அவனும் கள்ளன்!

அந்தக் கடைசிச் சட்டம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எவனோ ஒருத்தன் அந்நியபாஷை பேசிக்கொண்டே ஆட்டுக்கறி கேட்டிருக்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஏதோ ஒரு பெரிய டீச்சர் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

10
21 ஜூலை, இரவு 9.30

நான் சி.எஸ்.ஐ. என்பதால் பெந்தெகொஸ்தே சபைகளைக் குத்துகிறேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். என் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனவர் எந்தச் சபை என்று நான் சொல்லவே இல்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் நியாயத்துக்குப் பழைய கதை ஒன்று.

பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனரி ரேனியுஸ் ஐயர் நடத்திய செமினாரியில் படித்தவர் அருளப்பன். 1810-ல் பிறந்தவர். ரேனியுஸ் அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற முன்னாள் பல் வைத்தியர், 1833-ல் இந்தியாவுக்கு வந்தவர், அருளப்பனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மிஷன் சம்பளம் இல்லாமல் விசுவாசத்தை நம்பி ஊழியம் செய்வதை அருளப்பன் அவரிடம் கற்றுக்கொண்டார். கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார். 1860-ல் அங்கே ஆவிக்குரிய எழுப்புதல் வந்தது. தீர்க்கதரிசனம், அந்நியபாஷை எல்லாம் அப்போதே உண்டு. ஆக அது நேற்று இறக்குமதியான சரக்கு இல்லை.

அவருடைய முதல் குருவான ரேனியுஸையே 1835-ல், சபை ஒழுங்கு பற்றிய தகராறில், சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கம் விலக்கிவிட்டது. "கவரிங்" கணக்குப்படி பார்த்தால் அருளப்பன் அன்றைக்கே அம்போ.

அந்த எழுப்புதல் திருவிதாங்கூர் வரை பரவியது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற குரு, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், நல்ல புலமை, சி.எம்.எஸ். குருப்பட்டம் கொடுத்த ஐயர்தான். 1875-ல் எழுப்புதல் அவர் பக்கம் மூண்டது. ஆறு வருஷத்தில், 1881-ல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது. கூட்டத்தில் மிச்சம் இருந்தவர்களோடு யுயோமயம் என்று தனிச்சபையாகப் போய்விட்டார். அவர் எழுதிய கீர்த்தனைகளை மலையாளச் சபைகளில் இன்றைக்கும் பாடுகிறார்கள். வேதம் படித்தவர், இசை தெரிந்தவர், பட்டம் பெற்றவர். படிப்பும் பட்டமும் அவரைக் காப்பாற்றவில்லையே என்றுதான் இதைச் சொல்கிறேன். அந்த ஆறு வருஷத்தில் "மேலே பத்து படியுங்க ஐயரே" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். இருந்தும் அவர் கேட்காமல் போயிருக்கலாம்.

11
28 ஜூலை, இரவு 10.20

பெரிய டீச்சரைப் பற்றி ரொம்பப் புகழ்ந்துவிட்டேன் என்று இரண்டு நாளாக உறுத்துகிறது.

அவர்கள் வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு: "நான் தப்பாகச் சொன்னவை." ஒவ்வொன்றுக்கும் தேதி. முதல் வரி, ஏவாள் சாப்பிட்டது ஆப்பிள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னது. இரண்டாவது, மூன்று சாஸ்திரிகள் என்று சொன்னது, மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை. சிரிக்க வேண்டாம், போகப்போக வரிகள் கனமாகும். ஒரு தாய்க்கு, உன் பாவத்தால்தான் பிள்ளை செத்தது என்று சொன்னது, அதற்கு எதிரே "போய் மன்னிப்புக் கேட்டேன்" என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியது எரேமியா முடிந்த அன்று. அதைப் பார்த்துத்தான் நானும் என் வேதாகமத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு. என் தோழி ஒருத்தி, அதே சபை, அதே திருவிருந்துப் பாத்திரம், வேறு சாதிப் பையனைக் கட்ட நினைத்தபோது, "நம்ம ஆளுகளுக்குள்ளயே பாரு, ஊர் வழக்கத்தை உடைக்காதே" என்று அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசித் தடுத்தவர்கள் பெரிய டீச்சர்தான். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே சாதியைச் சபையை விட்டு முழுவதும் விலக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் அதற்குச் சபையை விட்டே போனார்கள். நாங்கள் போகவில்லை, சுற்றறிக்கையை மடித்து வைத்துவிட்டுப் பெண் பார்க்கப் போனோம். அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து எழுந்ததைச் "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாதது" என்று பவுல் சொல்கிறார். பழக்க வழக்கம் என்று விடவில்லை. இதை நானே டீச்சரிடம் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களையே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. 2011-ல் போய்விட்டார்கள். அவர்களுக்காக அந்த வரியை என் பக்கத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். அது அவர்கள் எழுத வேண்டியது. கேட்காமல் விட்டதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இல்லை. எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

12
29 ஜூலை, காலை 6.45

வேதபாடத்துக்கு அந்தப் பிள்ளை மூன்று வெள்ளிக்கிழமையாக வரவில்லை. நேற்று ஆராதனையில் பார்த்தேன், பின்வரிசை. "ஏசுவுக்கு ஸ்தோத்திரம்" சொன்னாள், நானும் சொன்னேன்.

13
4 ஆகஸ்ட், மதியம் 1.50

வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் இருந்தார், கடன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அவர் முகத்திலேயே தெரிந்தது. "பிள்ளையை நாலு பேர் முன்னால அப்படிப் பேசினது என் தப்பு" என்று சொன்னேன். ஒன்பது பேர் என்று உள்ளேயிருந்து திருத்தினாள்.

கவரிங் சங்கிலிக் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் பெரிய டீச்சருக்கு அடுத்தபடி நான் இதை நேரில் சொன்னது அவளிடம்தான் (இங்கே எழுதியது கணக்கில் சேராது, உங்களுக்கு என் முகம் தெரியாது). "அத்தை, நீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு வா, பென்சில் கொண்டு வா என்றேன்.

நேற்று வந்தாள், நாலே கால் மணிக்கு. பென்சில் கொண்டுவரவில்லை. சுக்குக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பூஸ்ட் இருக்கா அத்தை?" என்றாள். நான் பால் காய்ச்சப் போன நேரத்தில் என் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

"அத்தை, இதுல 2016-க்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே. அதுக்கப்புறம் நீங்க தப்பே பண்ணலியா?"

மேசையில் கிடந்த என் பென்சிலை எடுத்து நீட்டினாள். டீச்சரிடம் கேட்காமல் விட்டதை முதலில் எழுதினேன், தேதி ஞாபகம் இல்லை, வருஷம் மட்டும் போட்டேன். கீழே 5 ஜூலை 2024 என்று எழுதி, உன் பேரைப் போடவா என்று கேட்டேன். வேண்டாம், தேதி போதும் என்றாள்.

எரேமியா என்றதும் மிரண்டுவிட்டாள். "அம்பத்திரண்டு வாரமா? எனக்கு ஏப்ரல்ல பரீட்சை." பேரம் பேசி மூன்றாம் யோவானில் வந்து நின்றோம், ஒரு பக்கம்கூட வராது. முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு, பேர் சொல்லவே இரண்டு பேரும் திணறினோம். மேலே பத்து, கீழே பத்து சட்டத்தைச் சொன்னேன். அவள் விரலால் எண்ணிக்கொண்டே போனாள், மேலே பத்து வசனம் போவதற்குள் இரண்டாம் யோவான் வந்துவிட்டது. அப்போ அதையும் படிக்கணுமா அத்தை என்றாள், படித்தோம்.